அப்பாவிடம் மிஞ்சிய சொல்

வானொலியில் காலை நிகழ்ச்சி படைக்கிறேன். ஒரு நாளில் எத்தனை முறை ‘நன்றி’ சொல்கிறேன் என்று எண்ணியதே இல்லை. அழைத்த நேயருக்கு நன்றி, செய்தி அனுப்பியவருக்கு நன்றி, விளம்பரதாரருக்கு நன்றி. பாட்டு தொடங்கி மைக்கை அணைத்ததும் அந்தச் சொல்லும் அணைந்துவிடும்.

சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் பாதித்ததால் பேச்சு போய்விட்டது. நாங்கள் சொல்வது புரியும், பதில் வராது. டாக்சியில் ஏறும் பயணிகளிடம் எல்லாம் வாய் ஓயாமல் பேசியவரால் என் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் வாரம் அம்மா கஞ்சி ஊட்டியபோது ஒரு சொல் தெளிவாக வந்தது. “ஸ்தோத்திரம்.”

அதன்பிறகு தண்ணீர் கொடுத்தால் ஸ்தோத்திரம், தலையணையைச் சரிசெய்தால் ஸ்தோத்திரம். எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் வந்தது. இப்படிப் படுத்த பிறகு எதற்கு ஸ்தோத்திரம்?

பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டேன். எண்களை வரிசையாகச் சொல்வது, பாட்டு, ஜெபம் என்று பல்லாண்டு சொல்லிப் பழகியவை, புதிதாக ஒரு வாக்கியம் அமைக்க முடியாதவர்களிடமும் தங்கிவிடுவது உண்டாம். “பழக்கம்தான்” என்றார்.

வெறும் பழக்கமா? அன்று இரவு தூக்கம் வரவில்லை. டாக்சிச் சாவியைக் கையில் எடுக்கும்போது அப்பா ஒரு ஸ்தோத்திரம் சொல்வார். இரவு திரும்பிவந்து அதை ஆணியில் மாட்டும்போது இன்னொன்று. வண்டி வாடகை போக ஒன்றும் மிஞ்சாத நாளிலும் அது தவறியதில்லை. சிறுவயதில் அவரைப் போலவே சொல்லிக்காட்டிக் கேலி செய்திருக்கிறேன். அவரோ அந்தப் பழக்கத்தை நாள்தோறும் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார்.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இயேசு பத்துத் தொழுநோயாளிகளைக் குணமாக்குகிறார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒரே ஒரு சமாரியன். நான் மற்ற ஒன்பது பேரோடு போய்க்கொண்டிருந்தவள். வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். திரும்பிப் பார்க்க நேரமில்லை.

எந்த நிலையிலும் நன்றி செலுத்துங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். பக்கவாதத்துக்காக என்னால் இன்றும் நன்றி சொல்ல முடியவில்லை. அழுகை வரும் நாள்கள் உண்டு. ஆனால் அந்த நாளிலும் அப்பாவின் காலைப் பிடித்துவிடும் உறவினர், இரண்டு அடி கூடுதலாக நடந்த மாலை என்று ஏதாவது கண்ணில் படுகிறது. தேடிப் பழகினால்தான் படுகிறது.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கு ஒன்று சொல்லி நன்றி செலுத்துகிறோம். “நான் ஓடி வர்ற வரைக்கும் பஸ் அங்கிள் நின்னாரு” என்றான் மகன். கடைசியில் அப்பாவின் முறை. அதே ஒரு சொல்.

“தாத்தா ஏன் தினமும் அதையே சொல்றாரு?” என்று கேட்டான்.

“தாத்தாவுக்கு அதுதான்டா நல்லா வரும்” என்றேன். அப்பா சிரித்தார்.