மீனுக்கு ஒரு கேன்

விடியற்காலை நாலரை மணிக்கு உங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டியிருக்கிறார்களா? எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கீழ் போர்ஷனில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அம்மா. கையில் துடைப்பம்.

"என்னம்மா பண்றீங்க மேல? எங்க கிச்சன் டியூப்லைட்லேர்ந்து தண்ணி சொட்டுது!"

அம்மா தூக்கக் கலக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் சமையலறைத் தரையைப் பார்த்தேன். தரையில் ஒரு குட்டி ஏரி. நடுவில் என் இருபது லிட்டர் கேன், வாய் வரை நிரம்பி, இன்னும் அடக்கமாக வழிந்துகொண்டிருந்தது. அதற்குள் சொருகிய டியூப் முந்தின இரவு பதினொரு மணியிலிருந்து தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது. அது தூங்கவில்லை, நான்தான் தூங்கிவிட்டேன்.

எல்லாம் இரண்டு மீன்களுக்காக!

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த 2023 கோடை விடுமுறையில் கொளத்தூரில் ஒரு மீன் கடைக்கு வேலைக்குப் போனேன். வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி கழுவுவது, கவரில் காற்றடைத்து ரப்பர் பேண்டு போடுவது, இவைதான் வேலை. கடையின் கடைசி மூலையில் ஒரு உப்புத் தண்ணீர் டேங்க் இருந்தது. அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன்கள். 'நீமோ' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கடலில் பிடித்தவை அல்ல, தொட்டியிலேயே பொரித்து வளர்த்தவை. விடுமுறை முடிந்தபோது கிடைத்த சம்பளத்தில் இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி கண்ணாடித் தொட்டி வந்தது. ஒன்றரை மாதம் மீனே இல்லாமல் வெறும் தண்ணீரையும் மணலையும் ஓடவிட்டேன். கழிவைத் தின்னும் பாக்டீரியா வளர அவ்வளவு நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் ஒரு ஜோடி வந்தது. (பவளம் ஏன் வைக்கவில்லை என்று கேட்காதீர்கள். கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

"மீன்தானே, குழாய்த் தண்ணி ஊத்தி உப்பைப் போட்டா ஆச்சு" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடை அண்ணன் ஒரு டி.டி.எஸ். மீட்டரைக் கொடுத்து, "உங்க வீட்டு போர் தண்ணியில விட்டுப் பாருடா" என்றார். 1,340 காட்டியது. அதில் கால்சியம், மக்னீசியம் மட்டுமா இருக்கிறது? நைட்ரேட் இருக்கும், பாஸ்பேட் இருக்கும், சிலிகேட் இருக்கும். கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி பிடிப்பதற்கு இவை போதும். பழைய பித்தளைக் குழாய் வழியாக வந்தால் கொஞ்சம் செம்பும் சேரும். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு. அதனால் தண்ணீரை முதலில் வெறும் தண்ணீராக்க வேண்டும், பிறகு நாம் அளந்து உப்புப் போட வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு ஆர்.ஓ. மெஷின் கிடைத்தது. மெம்பரேன் மட்டும் புதிது போட்டேன். வீட்டு ஆர்.ஓ.வில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். அதை முழுக்க மூடினேன். மீட்டர் 62 காட்டியது. அதற்குப் பின்னால் ரெசின் குழாய் ஒன்றைப் பொருத்தியதும் ஒன்று, சில நேரம் பூஜ்யம். என் கணக்குத் தாளைத் தவிர வேறெங்கும் நான் பூஜ்யத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை!

ஆனால் நண்பர்களே, மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுத்தால் மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. இதை அம்மா கண்டுபிடித்த நாள் எங்கள் வீட்டில் நல்ல நாள் இல்லை.

நாங்கள் இருப்பது வில்லிவாக்கம். 2019 கோடை நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் எங்கள் வில்லிவாக்கத்துக்குத்தான் வந்தது. ஐம்பது வேகன்கள், 25 லட்சம் லிட்டர். ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான் ரயில் பார்க்க ஓடினேன். அம்மாவால் வர முடியவில்லை. தெருமுனையில் லாரிக்காக ஏழு குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். ராத்திரி ஒரு மணிக்கு லாரி வந்தாலும் எழுந்து போவார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் காலிப் பாத்திரம் என்று ஒன்று கிடையாது. குடம், அண்டா, வாளி, குக்கர்கூட, படுக்கப் போகும் முன் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் போய், மூன்று லிட்டரைக் கொட்டினால்தான் ஒரு லிட்டர் என்று எப்படிச் சொல்வது?

"சாக்கடைக்கு ஒரு சொட்டுப் போகக் கூடாது. அப்புறம், நீ சேர்த்து வைக்கிறது மனுஷன் குடிக்கிற மாதிரி தண்ணியா இருக்கணும். இந்த ரெண்டுக்கும் சரின்னா உன் மீன் இங்க இருக்கட்டும்" என்றார். இரண்டு நிபந்தனைகள். முதலாவது நியாயமாகப் பட்டது. இரண்டாவது எதற்கென்று அப்போது புரியவில்லை. ஆனாலும் மாற்றினேன். ரெசினைத் தாண்டிய தண்ணீர் குடிப்பதற்கென்று தயாரித்தது அல்ல. அதனால் கேனில் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் பிடித்து வைப்பது, மீனுக்கு ஊற்றும்போது மட்டும் ரெசின் வழியாக விடுவது. கழிவுத் தண்ணீர் கழிப்பறை வாளிக்கும் தரை துடைக்கவும் போயிற்று. துணிக்கு ஆகவில்லை. உப்பெல்லாம் அதில் சேர்ந்துவிடுவதால் சோப்பு நுரைப்பதே இல்லை என்றார் அம்மா.

அப்புறம்தான் அந்த நாலரை மணி சம்பவம். என் மெஷின் மணிக்கு எட்டு லிட்டர் கொடுக்கும். ஐந்தரை மணி நேரத்தில் நாற்பத்து நாலு. கேனில் இருபது போக மீதி இருபத்து நாலு லிட்டர் குழாய் போகும் ஓட்டை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கியிருக்கிறது. திட்டு வாங்கியது இந்த இருபத்து நாலுக்குத்தான். குளியலறை வாளி வழிந்து சாக்கடையோடு போன நூற்று முப்பது லிட்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அம்மா கணக்குப் போட்டிருப்பார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

இந்தக் கேன் விவகாரத்துக்கு நான் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? பெரிய டிரம்! இருநூறு லிட்டர் நீல டிரம் ஒன்றை வாங்கி, மிதவை வால்வு போட்டுவிட்டால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. விலைகூடப் பேசிவிட்டேன். மூடியைத் திறந்து முகர்ந்தால் ஏதோ கெமிக்கல் வாடை. கடை அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தார்: "முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியாத டிரம்ல தண்ணி வைக்காதடா." சரி, புது டிரம் வாங்கலாம் என்று அளவு எடுத்தேன். எங்கள் வீடு பத்துக்குப் பத்து ஒரே அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. நான்கு பேர். அறையில் ஒரே ஒரு மூலைதான் காலி.

"அங்க டிரம் வெச்சா நான் எங்கடா படுக்கிறது?" என்றார் அப்பா.

அது காலி மூலை இல்லை. பகலில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருப்பதால் காலியாகத் தெரிந்த மூலை. அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே எங்கே படுப்பது என்று யோசித்துத்தான் கேட்டார்.

பின்னால் சிவில் பாடத்தில் ஐ.எஸ். 875 படித்தபோது எனக்கு வியர்த்தது. வீட்டு அறைகளுக்கு அதில் சொல்லியிருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் இருநூறு கிலோ. அந்த டிரம் நிற்கும் இடமோ கால் சதுர மீட்டர்தான். இருநூறு லிட்டரை அதில் நிறுத்தினால் சதுர மீட்டருக்கு எழுநூறு கிலோவைத் தாண்டும். ஒரு டிரம்முக்கு ஸ்லாப் இடிந்து விழாது, சுமை பரவும் என்பது உண்மைதான். ஆனால் கம்பி துருப்பிடித்து சிமென்ட் உதிரும் நம் பழைய மாடிகளில், சுவரோரம் விட்டு நடுவில் தண்ணீர் டிரம் வைப்பவர்கள் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

டிரம் ஆசை போன பிறகுதான், முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். எனக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மணல், கல் எல்லாம் போகத் தொட்டியில் இருப்பது நாற்பத்தைந்து லிட்டர். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் ஐந்து லிட்டருக்கும் குறைவு. ஆவியாவது தினமும் முக்கால் லிட்டர். மே மாதத்தில் தண்ணீர் சூடாகாமல் இருக்கச் சின்ன ஃபேன் வைத்தால் ஒன்றேகால். ஆக வாரத்துக்குப் பத்து முதல் பதினாலு லிட்டர். ஒரே ஒரு கேன்! இருநூறு லிட்டர் எங்கிருந்து என் தலைக்குள் வந்தது? அம்மாவின் ஏழு குடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆரம்பத்தில் நான் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். 1.025-ல் நிற்க வேண்டிய ஹைட்ரோமீட்டர் 1.032-க்குப் போய்விட்டது. மீன் இரண்டும் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கின. நான்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பிழைக்க வைத்தேன். எனவே சேர்த்து வைக்க வேண்டியது உப்பில்லாத தண்ணீர். உப்புத் தண்ணீரை மாற்றப்போவதற்கு முந்தின நாள் கலந்தால் போதும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மரைன் உப்பு, தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கால்சியம் திரிந்து வெள்ளையாகப் படிந்துவிடும்.

இப்போது தொட்டி ஸ்டாண்டுக்கு அடியில் இரண்டு கேன்கள் நிற்கின்றன. ஒன்றில் தண்ணீர், மற்றது உப்புக் கலக்க. அப்பாவின் பாய்க்குப் பங்கமில்லை. கேன் வாங்கும்போது அடியில் முக்கோணத்துக்குள் 2 போட்ட, உணவுக்கானதாகப் பார்த்து வாங்கினேன். மூடி எப்போதும் இறுகியிருக்கும். கொசுவர்த்திப் புகைக்காகவும்தான், கொசுவுக்காகவும்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நம் சுத்தமான தண்ணீர்தான் பிரசவ ஆஸ்பத்திரி. தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிக்கிறேன். இரண்டரை மணி நேரம் நகர மாட்டேன். என் முதலாண்டு கணிதத் தேர்ச்சியில் அந்தக் கேனுக்குப் பங்குண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மூன்றும் நான்கும் தேதிகளில் கொட்டிய மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் போனது. கரண்ட் இல்லாமல் ஆர்.ஓ. ஓடாது. தண்ணீர் கேன் போடும் அண்ணன் வர வழியில்லை. குழாயில் வந்தது சாக்கடை வாடை. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டார் மாடிப்படியில் வந்து தங்கியிருந்தார்கள். ஐந்தாம் தேதி காலை கதவைத் தட்டினார்கள். அதே ஓனர் அம்மா. இந்த முறை கையில் பால் புட்டி. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தார், குழந்தைக்கு மூன்று மாதம்.

"தம்பி, அந்த மீன் தண்ணி... குடிக்கலாமாப்பா?"

நான் பதில் சொல்லும் முன் அம்மா கேனை இழுத்து வெளியே வைத்துவிட்டார். "கொதிக்க வெச்சுத் தரேன்க்கா" என்றார். அதில் பதினெட்டு லிட்டர் இருந்தது. குழந்தைக்கு, எங்களுக்கு, படியில் இருந்த இன்னும் இரண்டு குடும்பங்களுக்கு. அன்று மாலையே கேன் காலி.

மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன். கேன் காலியாகும்போது நான் தொட்டியில் ஒட்டியிருந்த டேப் அடையாளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை ஈரத்தில் குறைவாகத்தான் ஆவியானது என்றாலும் தண்ணீர் அடையாளத்துக்குக் கீழே போயிருந்தது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர். குழந்தை குடிக்கும்போது எனக்கு மீன் ஞாபகம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"என்னடா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? மொட்டை மாடில போய்ப் பாரு" என்றார் அம்மா.

மழையின் இரண்டாம் நாள், பழக்க தோஷத்தில், வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் மாடியில் வரிசையாக வைத்திருந்தார்! பித்தளை அண்டாவை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் குடத்தில் மீட்டரை விட்டேன். 14. என் ஆர்.ஓ. கொடுத்ததைவிடச் சுத்தம். ஒரு லிட்டரைத் துணியில் வடிகட்டி, ரெசின் குழாயில் புனல் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். தண்ணீர் டேப் அடையாளத்தைத் தொட்டது.

மூன்றாம் நாள் இரவு கரண்ட் வந்தது. அடுத்த வாரம் ஓனர் அம்மா கேனைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பாத்திரம் துலக்கும் சோப்புப் போட்டு உள்ளும் புறமும் தேய்த்திருந்தார். சோப்பு பட்ட கேனை மீனுக்கு வைக்க மாட்டேன். "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வாங்கிக்கொண்டேன். அது இப்போது எங்கள் வீட்டுக் குடிதண்ணீர்க் கேன். மீனுக்குப் புதிது வாங்கிவிட்டேன்.

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு