வார்ப்பைத் திருப்பிப் பார்க்கிறவர்கள்

பர்ச்சேஸுக்கு ஆள் எடுக்கிறோம் என்றதும், "நல்லா பேரம் பேசுவாரா?" என்றுதான் முதலாளிகள் கேட்கிறார்கள். கோவையில் பம்ப், மோட்டார் தொழிலில் நெடுங்காலம் கொள்முதல் பார்த்தவன் நான். பேரம் ஆறு மாதத்தில் பழகிவிடும். ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று அறியும் ஆசை இல்லாதவருக்கு அதை யாராலும் ஊட்ட முடியாது. அந்த ஆசையைத்தான் நான் தேடுகிறேன்.

நேர்காணலில் மேசைமேல் மோட்டார் பாடி வார்ப்பு ஒன்றை வைத்து, "இதற்கு என்ன விலை கொடுக்கலாம்?" என்று கேட்பேன். மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்ததை எடுப்பதாகச் சிலர் உடனே சொல்வார்கள். சிலர் அதைத் தூக்கிப் பார்ப்பார்கள், திருப்புவார்கள். எடை எவ்வளவு, உள்ளே கோர் வைத்து ஊற்றியதா, மெஷினிங்குக்கு எவ்வளவு விட்டிருக்கிறது, மாதம் எத்தனை தேவை என்பார்கள். அவர்களோடு பேச்சு மதியச் சாப்பாடுவரை நீளும்.

வார்ப்பைக் கிலோ கணக்கில் வாங்குகிறோம். கிலோ 100 ரூபாய், வார்ப்பு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பேசிப் பேசி 98 ரூபாய்க்குக் கொண்டுவந்தால் 40 ரூபாய் மிச்சம். அதே வார்ப்பு, பவுண்டரியில் மணல் சரியாக இறுகாமல் உப்பி 21 கிலோவாக வந்தால் பில் 2,058 ரூபாய். பழைய விலையைவிட 58 ரூபாய் கூடுதல். அந்த ஒரு கிலோவைக் கடைந்து தள்ள லேத்தில் ஆகும் நேரம் தனி. விலைப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தராசுக்குப் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியும்.

அணியில் எல்லாரும் மெக்கானிக்கல் படித்தவர்களாக இருந்தாலும் போதாது. 2020 மார்ச்சில் லண்டன் சந்தையில் டன் 5,000 டாலருக்குக் கீழே இருந்த தாமிரம், 2021 மே மாதம் 10,000 டாலரைத் தாண்டியது. வைண்டிங் வயர் வாங்குகிறவர் அப்போது யாரிடம் போய்ப் பேரம் பேசுவது? உலோக விலையைத் தனியாகவும் வயர் இழுத்து எனாமல் பூசும் கூலியைத் தனியாகவும் பிரித்து ஒப்பந்தம் போட்டு, எப்போது எவ்வளவு புக் செய்வது என்று கணக்குப் போடத் தெரிந்தவர் வேண்டும். அந்த வேலைக்குக் அடக்கவிலைக் கணக்குப் படித்த பி.காம். பட்டதாரி பொருத்தமானவர். ஸ்டோர்ஸில் சரக்கு இறக்கியவர் ஒருவரும் அணியில் இருக்க வேண்டும். யாருடைய பெட்டியைப் பிரித்ததும் ரிஜெக்ஷன் கிடக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

இன்னொரு கேள்வியும் தவறாமல் கேட்பேன்: பேமெண்ட் தள்ளிப்போனால் சப்ளையரிடம் என்ன சொல்வீர்கள்? சிறு, குறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியும் என்ற விதி 2023–24 நிதியாண்டிலிருந்து வந்துவிட்டது. ஆனாலும் கோவை கணபதிப் பகுதியில் நாலு லேத் வைத்திருப்பவர் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வருவதில்லை. சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டுமே என்று போனைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "அண்ணா, இந்த வாரம் முடியலைங்க, வர்ற வியாழக்கிழமை கட்டாயம் போட்டுடறோமுங்க" என்று முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லி, வியாழனன்று போட்டும் விடுகிறவரை நான் விடமாட்டேன். சரக்குத் தட்டுப்பாட்டில் அவருடைய ஒரு போனுக்குத்தான் வண்டி கிளம்பிவரும்.

நேர்மையை நேர்காணலில் அளக்க வழியில்லை. அதனால் சப்ளையரைத் தேர்ந்தெடுப்பது, சரக்கை ஏற்பது, பில் பாஸ் செய்வது மூன்றையும் மூன்று கைகளில் வைக்க வேண்டும்; புதிதாக வருகிற இளைஞருக்கும் அது பாதுகாப்பு.

திறமைசாலிகள் நிலைக்காமல் போவதற்கு நாம் போடும் அளவுகோல்தான் பெரும்பாலும் காரணம். இந்த வருடம் எத்தனை சதவீதம் குறைத்தாய் என்று மட்டுமே கேட்டால், நல்லவரும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கிறவராக மாறிவிடுவார். மாற மனமில்லாதவர் வேறு வேலை தேடுவார். அதனால் புதியவரை நிரந்தரமாக்கும் முன் நான் சேமிப்புக் கணக்கோடு நிற்பதில்லை. சரக்கு இல்லாமல் அசெம்ப்ளி லைன் எத்தனை முறை நின்றது என்று சூப்பர்வைசரிடம் கேட்கிறேன். பையன் பவுண்டரிப் பக்கம் வந்தானா, வந்தால் ஆபீஸ் ரூமோடு போய்விடுகிறானா, மோல்டிங் நடக்கும் இடம்வரை வருகிறானா என்று பவுண்டரிக்காரரிடம் கேட்கிறேன். ஸ்டோர்கீப்பர் "வேண்டாமுங்க" என்றால், காரணம் கேட்டு முடிக்கும்வரை கன்ஃபர்மேஷன் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.