கட்டத்துக்குள் வராத சுரங்கள்

கீபோட்டில் வாசிப்பதைக் கணினி ஒலியாகப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எந்த நேரத்தில், எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதைத்தான் எழுதிக்கொள்கிறது. 1983இல் வந்த 'மிடி' முறை இது. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் எழுதிய பாடக்குறிப்பு மாதிரி: அதில் பாடம் இராது, நடத்தும் ஒழுங்கு இருக்கும்.

ஆகவே பதிந்த பின்னரும் திருத்தலாம். திரையில் சுரங்கள் சிறு பட்டைகளாகக் கிடக்கும். மேலே இழுத்தால் சுரம் உயரும். பக்கவாட்டில் நகர்த்தினால் நேரம் மாறும். அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை அளவுண்டு. பூச்சியம் என்றால் விரலை எடுத்துவிட்டதாகவே பொருள்! 'குவான்டைஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் முந்தியதும் பிந்தியதும் காலைக்கூட்டத்துப் பிள்ளைகள் போல வரிசைக்கு வந்துவிடும்.

போட்டிப் பாடலொன்றுக்குப் பின்னணி வாசித்த மாணவியின் கை, அடியின் கடைசிச் சுரத்தில் எப்போதும் சற்றுத் தயங்கும்.

"எல்லாத்தையும் நேராக்கிடுங்க சேர், புள்ளி குறைச்சிடுவாங்க" என்றாள்.

நேராக்கிப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டாள்.

"இது நான் வாசிச்ச மாதிரி இல்லையே சேர்."

பிசகிய இரண்டு சுரங்களை மட்டும் மாற்றினோம். தயங்கியவை தயங்கியபடியே போட்டிக்குப் போயின. தாளம் பிந்துகிறதென்று நடுவரொருவர் புள்ளி குறைத்தது உண்மைதான்.