நாணம் என்னும் தடை

உடற்பருமன் பெருங்குடல் புற்றுநோய்க்குரிய காரணங்களுள் ஒன்று. ஆகவே பருமனானோரே பரிசோதனைக்கு முந்துவர் என எவரும் எண்ணுவர். அமெரிக்க ஆய்வுகளோ வேறு உண்மையைக் காட்டுகின்றன. அங்கே பருமனான வெள்ளையினப் பெண்கள், எடை குறைந்தோரைவிடக் குறைவாகவே பரிசோதிக்கப்படுகின்றனர். கறுப்பினத்தாரிடம் இத்தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை. எனினும் அவர்களிடையே இந்நோயின் இறப்பு வீதம் வெள்ளையரைவிட அதிகம்.

நோயுற்றோரைச் சந்திக்கும் பணியில், உடலைக் காட்ட நாணுவோர் பலரைக் கண்டுள்ளேன். ஏளனச் சொல்லுக்கு அஞ்சி மருத்துவரைத் தவிர்ப்போரும் உண்டு.

குடலில் தோன்றும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகளாகும். அதற்குள் அகற்றினால் நோயைத் தடுக்கலாம். பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் அமெரிக்க வல்லுநர் குழு 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தது. வீட்டிலேயே மல மாதிரி எடுத்தனுப்பும் எளிய முறையும் உண்டு. அன்பர்களே, நாணுவோரை அங்கே அழைத்துச் செல்ல நம் கனிவான சொல் வேண்டும்.