வாசலில் ஒரு கால் தடம்

வாசல் தரைக்கு டைல்ஸ் போடணும்னு தங்கமணி ஒரு மாசமா சொல்லிட்டு இருக்காங்க. அந்த சிமெண்ட் தரையில ஒரு குட்டிக் கால் தடம் இருக்கு. பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி, பூசின ஈரம் காயறதுக்குள்ள என் பொண்ணு ஓடினது. அன்னிக்குக் கத்தின கத்து தெருவுக்கே கேட்டிருக்கும். இப்ப அவ ஹாஸ்டல்ல.

போன வாரம் நியூ மெக்சிகோவில் இருக்கிற வொயிட் சாண்ட்ஸ் கால் தடங்களோட படத்தைப் பார்த்ததும் இந்தத் தடம்தான் ஞாபகம் வந்தது.

அமெரிக்கக் கண்டத்துக்கு மனுஷன் எப்ப வந்தான்? சுமார் 13,000 வருஷத்துக்கு முன்னாடின்னுதான் நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். அதே நியூ மெக்சிகோவில், க்ளோவிஸ் ஊர் பக்கத்துல கிடைச்ச கல் ஈட்டி முனைகள்தான் அதுக்கு ஆதாரம். அதுக்கு முன்னாடி அங்கே ஆளே இல்லைன்னு நிபுணர்கள் பலர் அடிச்சுச் சொன்னாங்க. சிலி நாட்டு மான்ட்டே வெர்டேவை 1977-லேர்ந்து தோண்டின டாம் டில்லஹே, இது க்ளோவிஸுக்கும் முந்தினதுன்னார். நிபுணர் குழு நேர்ல போய்ப் பார்த்து ஒத்துக்க 1997 ஆயிடுச்சு.

வொயிட் சாண்ட்ஸ் ஒரு காலத்துல ஏரி. கரைச் சேற்றுல பதிஞ்ச தடங்களுக்கு மேலயும் கீழயும் இருந்த நீர்ச்செடி விதைகளை ரேடியோ கார்பன் முறையில சோதிச்சு, வயசு 21,000 முதல் 23,000 வருஷம்னு 2021-ல வெளியிட்டாங்க. அப்ப கனடாவோட பெரும்பகுதி பனிப்பாறைக்கு அடியில! தடங்கள்ல பெரும்பாலானவை சின்னப் பசங்களும் விடலைகளும் நடந்தது.

சும்மா விடுவாங்களா? நீர்ச்செடி தண்ணியில கரைஞ்ச பழைய கார்பனை உறிஞ்சும், அதனால வயசு கூடத் தெரியும்னு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். திரும்பப் போனாங்க. நிலத்துல வளர்ற ஊசியிலை மரங்களோட மகரந்தத்தைச் சோதிச்சாங்க. குவார்ட்ஸ் மணல் கடைசியா எப்ப வெளிச்சம் பார்த்ததுன்னும் கணக்குப் போட்டாங்க. 2023-ல வந்த அந்த முடிவும் முதல் கணக்கோட ஒத்துப்போச்சு. ஈட்டி முனையை வெச்சுக் கட்டின கதையை சேற்றுல விளையாடின பசங்க கால் கலைச்சுடுச்சு.

ராத்திரி பொண்ணுகிட்ட ஃபோன்ல இதெல்லாம் சொன்னேன். "அவங்க அப்பாவும் கத்தியிருப்பாருப்பா"ன்னா.

டைல்ஸ்காரர்கிட்ட அந்த ஒரு சதுரத்தை மட்டும் விட்டுடச் சொல்லியிருக்கேன். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லலை.