வைஜயந்திமாலா: நோட்டில் எழுதிவைத்தவை

பம்பாய்த் திரையில் கொடி நாட்டிய தெற்கத்திப் பெண்களை எண்ணத் தொடங்கினால் விரல் போதாது. பத்மினி, வஹீதா ரஹ்மான், ஹேமமாலினி, ரேகா, ஸ்ரீதேவி. இவர்கள் எல்லோருக்கும் முன்னால் அங்கே நட்சத்திரமாக நின்றவர் திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா. 1951-இல் ‘பஹார்’ வெளியானபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

*

அவர் பம்பாய்க்குப் ‘போனார்’ என்பதே பாதி உண்மைதான். இந்திப் படம் அப்போது மதராஸிலேயே உருவாகிக்கொண்டிருந்தது. 1948-இல் ஜெமினி ஸ்டுடியோவின் வாசன் ‘சந்திரலேகா’வைத் தமிழோடு நிறுத்தாமல் இந்தியிலும் எடுத்து வடக்கே கொண்டுபோனார். மறு ஆண்டு ஏவி.எம். ‘வாழ்க்கை’யை வெளியிட்டது. அதே கதை தெலுங்கில் ‘ஜீவிதம்’, இந்தியில் ‘பஹார்’. மூன்றிலும் வைஜயந்திமாலாதான். இந்தியை வேறு யாராவது பேசியிருந்தாலும் அன்றைக்கு ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் இந்தி பிரச்சார சபையில் படித்துத் தன் வசனத்தைத் தானே பேசினார். தி.நகரில் அந்தச் சபையின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பிராத்மிக், மத்யமா என்று பரீட்சை எழுதிய லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளில், படித்த மொழியை இவ்வளவு தூரம் கொண்டுபோனவர் வேறு யார்?

*

‘கங்கா ஜமுனா’ (1961) படத்தை மறுபடி பார்த்தேன். தன்னோவாக வரும் அவர் பேசுவது சபையில் கற்ற இந்தி இல்லை, அவத் நாட்டுப்புறத்துப் பேச்சு. வயல்வெளிப் பெண்ணின் நடையும் கோபமும் இழுவையும் அப்படியே இருக்கின்றன. எதிரே திலீப் குமார். அவர் முன்னால் பலர் சுருங்கிப்போவார்கள், இவர் சுருங்கவில்லை. வைஜயந்திமாலாவின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நடனம் தெரிந்ததால் பிழைத்தார் என்று அந்தக் காலத்தில் எழுதியவர்கள் தன்னோவை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருதை அவர் மூன்று முறை வாங்கினார்: ‘சாதனா’, ‘கங்கா ஜமுனா’, ‘சங்கம்’.

வாங்க மறுத்த விருது ஒன்றும் உண்டு. பிமல் ராயின் ‘தேவதாஸ்’ (1955) சந்திரமுகிக்குத் துணை நடிகை விருது அறிவித்தார்கள். பார்வதியாக நடித்த சுசித்ரா சென்னுக்குச் சமமான வேடம் என்னுடையது, துணை வேடம் இல்லை என்று மறுத்துவிட்டார். தொழிலில் இன்னும் வேர்விடாத ஒரு பெண் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! படத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்று தெரியும். பின்பாதிக் கதையைத் தாங்கிப் பிடிப்பவள் சந்திரமுகிதான்.

*

அம்மா வசுந்தரா தேவி ‘மங்கம்மா சபதம்’ (1943) நாயகி. ஒரு காலத்தில் ஊரே பேசிய நட்சத்திரம். ஆனால் மகளை வளர்த்து வழிநடத்தியவர் பாட்டி யதுகிரி தேவி. சர்ச் பார்க் கான்வென்ட் படிப்பு, வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம், மணக்கால் சிவராஜ ஐயரிடம் பாட்டு. கோகலே ஹாலில் பெண் ஆடியதைப் பார்த்துவிட்டு இயக்குநர் எம்.வி. ராமன் ‘வாழ்க்கை’க்குக் கேட்டு வந்தபோது, படிப்பும் நடனமும் கெட்டுவிடுமோ என்று தயங்கியவரும் பாட்டிதான். அந்தத் தயக்கத்துக்குப் பேத்தி வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. படப்பிடிப்பு எத்தனை இருந்தாலும் மேடைக் கச்சேரியை அவர் விடவில்லை.

*

‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) போட்டி நடனம். தமிழ்நாட்டில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. நடுவில் பி.எஸ். வீரப்பா கத்தும் பாராட்டு இன்றும் தெருப் பேச்சில் புழங்குகிறது. யார் ஜெயித்தது, பத்மினியா வைஜயந்தியா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாதாடுவார்கள். அதே நடனம் இந்தி ‘ராஜ் திலக்’கிலும் உண்டு. அந்தப் படங்களை எடுத்த ஜெமினி ஸ்டுடியோ இருந்த நிலத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. மேம்பாலத்துக்கு மட்டும் ஊர் ஜெமினி என்ற பெயரை விடாமல் வைத்திருக்கிறது. அங்கே ஒரு கல்வெட்டாவது வைக்கலாம் என்று ஆசை.

அதே வாசனின் ‘இரும்புத்திரை’யில் (1960) வசுந்தரா தேவி மகளுக்கே அம்மாவாக நடித்தார். சிவாஜி இருக்கும் படத்தில் என் கண் இந்த இருவர் மேல்தான் போகிறது.

*

‘மதுமதி’ (1958): ரித்விக் கட்டக் கதை, சலில் சௌத்ரி இசை. ஒரே படத்தில் மூன்று பெண்களாக வருகிறார்.

‘ஆம்ரபாலி’ (1966): வைசாலி நகரத்து நடனப் பெண்ணின் கதை. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம், இங்கே ஓடவில்லை. இத்தனை நடனம் தெரிந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் அமைந்ததில்லை. அது தோற்றது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

‘ஜுவல் தீஃப்’ (1967): கடைசி நடனம். விஜய் ஆனந்த் கேமராவை வெட்டாமல் நீளமாக ஓடவிடுகிறார். ஆடத் தெரிந்தவரை வைத்துத்தான் அப்படிப் படம் எடுக்க முடியும்.

‘சங்கம்’ காலத்து வதந்திகளைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை. 2007-இல் வந்த சுயசரிதையில் அவரே மறுத்துவிட்டார், எனக்கு அது போதும்.

*

1968-இல் டாக்டர் சமன்லால் பாலியைத் திருமணம் செய்துகொண்டார். ஒப்புக்கொண்ட படங்களை முடித்துக் கொடுத்தார், 1970-இல் ‘கவார்’ கடைசி. மார்க்கெட் போய்விட்டதால் விலகியவர் இல்லை. அம்மா வேடத்துக்கும் அக்கா வேடத்துக்கும் எவ்வளவோ அழைப்பு வந்திருக்கும், அவர் திரும்பவில்லை. இதைத் தியாகம் என்று எழுதுகிறார்கள். மயிலாப்பூர் சபா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கதையே வேறு. சிறு பெண்ணாக வாடிகனில் போப் பன்னிரண்டாம் பயஸ் முன்னால் ஆடியவர். நடுவே இருபது வருடம் சினிமாவிலும் இருந்தார். பிறகு ஆட்டம் தொடர்ந்தது. தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் புகழின் உச்சியில் இருந்தவர் மாணவியாக உட்கார்ந்து பழைய உருப்படிகளைக் கற்றார். திருப்பாவையை நாட்டியமாக்கினார். 1982-இல் சங்கீத நாடக அகாடமி விருது பரதநாட்டியத்துக்காக வந்தது.

*

1984 டிசம்பர். தென் சென்னை. காங்கிரஸ் வேட்பாளர் வைஜயந்திமாலா, ஜனதா வேட்பாளர் இரா. செழியன். இந்திரா கொலையுண்டதின் அனுதாபமும் அ.தி.மு.க. கூட்டணியும் சேர்ந்த அலை. வைஜயந்திமாலா ஜெயித்தார், 1989-இல் மறுபடியும். பின்னர் மாநிலங்களவையிலும் ஆறு ஆண்டுகள் இருந்தார். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனாலும் செழியன் போன்ற ஒரு நாடாளுமன்றவாதியை அந்தத் தேர்தலில் தென் சென்னை இழந்தது நல்லதல்ல என்றே நினைக்கிறேன். 1999-இல் அவர் காங்கிரஸிலிருந்தும் விலகினார்.

*

2024-இல் அயோத்தி ராமர் கோவிலில் அவர் ஆடிய காணொளி எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. தொண்ணூறு வயது. பலர் வயதைப் பார்த்து வியந்தார்கள். நான் கையைப் பார்த்தேன். முத்திரை ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்தில் நின்றது, பார்வை கையோடு போனது. அரைமண்டி குறைந்திருக்கலாம், அபிநயம் குறையவில்லை.

அதே ஆண்டு பத்ம விபூஷண். பட்டியலில் இன்னொரு தமிழ்நாட்டுப் பெயர் பத்மா சுப்ரமணியம். பத்திரிகைகள் ஒருவரை நடிகை என்றும் மற்றவரை நாட்டியக் கலைஞர் என்றும் போட்டன. பத்மாவும் வழுவூராரின் மாணவி. ஒரே குருவிடம் படித்த இரண்டு பெண்களுக்கு ஒரே ஆண்டில் பத்ம விபூஷண் வந்திருக்கிறது. இதைத் தலைப்பாகப் போட்ட பத்திரிகை எதுவும் என் கண்ணில் படவில்லை.