96,000 இழுப்பு

ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை, மஞ்சப்பை, தேர்தல் பனியன். ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, மையை வழிக்க ஒரு ரப்பர் பட்டை. சந்துக்குச் சந்து நடக்கிற தொழில். அதே மூன்று பொருளை வைத்துக்கொண்டு படப் புத்தகம் அடிக்கிறார்கள், அது ஜப்பான் வரை போகிறது என்று கேள்விப்பட்டுத்தான் சென்னையிலிருக்கும் ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் பட்டறைக்குப் போனேன். தாரா புக்ஸ் வெளியிடும் கைவேலைப் புத்தகங்கள் உருவாவது இங்கேதான். பட்டறையை நடத்துபவர் சி. ஆறுமுகம்.

எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. சிறுவர் படப் புத்தகத்துக்கு ஆசிரியர் என்று யாரைச் சொல்வது? கதையை எழுதியவரையா, படம் வரைந்தவரையா? பட்டறையில் சற்று நேரம் நின்றதும் அந்தப் பட்டியல் நீண்டுவிட்டது.

ஒரு மேசையில் கறுப்புத் தாள் ஓடிக்கொண்டிருந்தது. கோண்டு பழங்குடிகளின் ஓவியங்கள் கொண்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தின் மறுபதிப்பு. இளைஞர் ஒருவர் தாளை மூலை பார்த்து வைக்கிறார், சட்டத்தை இறக்குகிறார், பட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் ஒரே சீராக இழுக்கிறார், சட்டத்தைத் தூக்குகிறார். பக்கத்தில் நிற்பவர் தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்தெடுத்துக் கம்பித் தட்டில் காயப்போடுகிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை, அடுத்த தாள் வந்துவிடுகிறது. நான் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலைண்ணே?" என்று மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன்.

"பத்திரிகைதான் சார். முகூர்த்த நாள் வந்தா ராத்திரி பகல் கிடையாது. அதுல பேரு தப்பா விழுந்தாத்தான் சண்டை. இதுல ஒரு மயிரிழை கலர் தள்ளி விழுந்தாலும் தாள் வேஸ்ட்டு."

கலர் தள்ளி விழுவது என்ன என்பதை அவரே காட்டினார். ஓவியர் வரைந்த படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பாசிட்டிவ் எடுக்கிறார்கள். வலைத்துணியில் எமல்ஷன் பூசி இருட்டில் காயவைத்து, மேலே பாசிட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிப்போகும். கோடு மறைத்த இடம் தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடும். அந்தத் திறப்பின் வழியாகத்தான் மை இறங்குகிறது. ஒரு சட்டத்துக்கு ஒரு நிறம். மஞ்சள் முழுக்க அடித்துக் காய்ந்த பிறகுதான் பச்சை. அந்தப் பச்சை, மஞ்சள் விட்டுவைத்த இடத்தில் சரியாகப் போய் உட்கார வேண்டும்.

ஆலைத் தாள் என்றால் எல்லாம் ஒரே அளவு, ஒரே கனம். இங்கே ஓடுவது பருத்திக் கழிவிலிருந்து செய்த கைத்தாள். ஒன்று கொஞ்சம் தடிமன், ஒன்று கொஞ்சம் மெலிசு. ஓரம் நேராக இருக்காது, ஈரக்காற்று பட்டால் தாள் லேசாக விரியும். ஐப்பசி மழையில் மை காய்வதற்குள் பொறுமை போய்விடும், சித்திரை வெயிலில் மை வலையிலேயே காய்ந்து கண்ணை அடைத்துக்கொள்ளும், நிறுத்தி நிறுத்தித் துடைக்க வேண்டும். இதற்கெல்லாம் கையேடு எதுவும் கிடையாது. விரலால் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு மையில் இன்னும் கொஞ்சம் கரைப்பான் விடச் சொல்கிறார் மூத்தவர். கறுப்புத் தாளில் வெளிர் நிறம் அடிப்பது இன்னும் சங்கடம். மை நீர்த்தால் கறுப்பு அதை விழுங்கிவிடும், கெட்டியானால் மெல்லிய கோடு அடைபட்டுவிடும். கோண்டு ஓவியத்தில் மெல்லிய கோட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது!

ஒரு புத்தகத்துக்கு 16 தாள், தாளுக்கு மூன்று நிறம், 2000 பிரதி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 96,000 முறை பட்டையை இழுக்க வேண்டும். அதன் பிறகு மடிப்பு, தையல், அட்டை கட்டுவது. கடைசியில் ஒவ்வொரு பிரதிக்கும் பேனாவால் வரிசை எண்.

இந்த வேலை இப்படித் தொடங்கும் என்று யாரும் திட்டமிடவில்லை. கீதா வுல்ஃப் சென்னையில் தாரா புக்ஸைத் தொடங்கியது 1994-இல். அடுத்த ஆண்டுகளில் ஃபிராங்ஃபர்ட் புத்தகச் சந்தைக்கு ஒரு மாதிரிப் பிரதியை எடுத்துப் போனார்கள். 'தி வெரி ஹங்ரி லயன்' என்ற கதை, படம் இந்திரபிரமித் ராய், வார்லி பழங்குடி ஓவியப் பாணி, கைத்தாளில் ஸ்கிரீன் அச்சு. மாதிரிக்காகத்தான் கையால் செய்திருந்தார்கள். கனடா பதிப்பகம் ஒன்று பார்த்துவிட்டு, அச்சு அசல் இதே போல வேண்டும், 8000 பிரதி வேண்டும் என்றது. இயந்திரத்தில் அடித்துத் தருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஆறுமுகத்தின் கையில் கொடுத்தார்கள். பட்டறை அதிலிருந்து வளர்ந்தது.

கறுப்புத் தாளில் இருக்கும் மரங்களை வரைந்தவர்கள் மூன்று பேர்: பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. புத்தகம் வந்தது 2006-இல். 2008-இல் இத்தாலியின் பொலோனியா சிறுவர் புத்தகச் சந்தையில் நியூ ஹொரைசன்ஸ் விருது கிடைத்தது. அட்டையில் ஆசிரியர்களாக நிற்பவை இந்த மூன்று ஓவியர்களின் பெயர்கள்தான்.

பஜ்ஜு ஷ்யாமின் கதையை இந்தப் பட்டறையில் நின்று யோசிக்கும்போது அதற்கு வேறொரு பொருள் வருகிறது. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்தில் 1971-இல் பிறந்தவர். பர்தான் கோண்டு சமூகம். பர்தான்கள் வழிவழியாகக் கோண்டு மக்களின் பாணர்கள், பானா என்னும் நரம்புக் கருவியை இசைத்துக் குலக்கதை பாடியவர்கள். பஜ்ஜு பிழைப்புத் தேடி போபாலுக்குப் போய் இரவுக் காவல் வேலை பார்த்தார், எலக்ட்ரீஷியன் வேலையும் பார்த்தார். அங்கே அவருடைய சித்தப்பா முறையான ஜங்கட் சிங் ஷ்யாம் கலை மையமான பாரத் பவனில் வரைந்துகொண்டிருந்தார். வீட்டுச் சுவரிலிருந்த கோண்டு ஓவியத்தைத் தாளுக்கும் கான்வாஸுக்கும் கொண்டு வந்தவர் ஜங்கட். பஜ்ஜுவுக்கு அவர் கொடுத்த முதல் வேலை, தான் வரைந்த உருவங்களுக்குள் நுண்கோடு நிரப்புவது. அதாவது பிற்காலத்தில் நூலாசிரியரான மனிதர், அடுத்தவர் வரைந்த உருவத்தை நிரப்பித்தான் தொழில் கற்றார். இந்த மேசையில் நிற்கும் இளைஞரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

பிறகு லண்டன் இஸ்லிங்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரை வரையக் கூப்பிட்டார்கள். பஜ்ஜு முதன்முறையாக விமானம் ஏறினார். ஊர் திரும்பி அவர் சொன்னவற்றிலிருந்தும் வரைந்தவற்றிலிருந்தும் பிறந்ததுதான் 2004-இல் வந்த 'தி லண்டன் ஜங்கிள் புக்'. விமானம் அதில் பறக்கும் யானை. பாதாள ரயில் பெரிய மண்புழு. பிக் பென் கோபுரமும் சேவலும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன, இரண்டும் நேரம் சொல்பவை அல்லவா. வேலை முடிந்ததும் மதுக்கடைக்குத் திரளும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள். கிப்ளிங் நம் காட்டை வைத்து 'ஜங்கிள் புக்' எழுதினார், கோண்டுக்காரர் ஒருவர் கிப்ளிங்கின் நகரத்தைப் பார்த்து வரைந்துவிட்டார். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதைவிட அந்த வௌவால்கள்தான் எனக்குப் பெரிது.

துர்கா பாய்க்கும் 2022-இல் பத்மஸ்ரீ வந்தது. அவர் சிறுமியாகத் தொடங்கியது தரையிலும் சுவரிலும் போடும் திக்னா கோலத்தில்.

இவர்களைவிட நெடுந்தூரம் நடந்து வந்தவர் துலாரி தேவி. பீகாரின் மதுபனிக்கு அருகே ராண்டி கிராமம், மீனவக் குடும்பம். பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டு வேலைக்குப் போன இடங்களில் மிதிலா ஓவியத்தின் பெரிய கைகளான மகாசுந்தரி தேவியும் கர்பூரி தேவியும் இருந்தார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்த்தார், கேட்டார், கற்றார். 2010-இல் வந்த 'ஃபாலோயிங் மை பெயிண்ட் பிரஷ்' அவருடைய வாழ்க்கையை அவரே படங்களில் சொல்வது. அவர் வாயால் சொன்னதைக் கேட்டு எழுத்தில் கொண்டுவந்தவர் கீதா வுல்ஃப். 2021-இல் பத்மஸ்ரீ. படித்தவர் எழுதிய கதைக்குப் படம் போட்டுக் கொடுத்தவர் அல்ல அவர். கதையே அவருடையது. எழுத்து பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவன்தான் நூலாசிரியன் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது எளிதில் செரிக்காது.

பட்டறையின் இன்னொரு மூலையில் எழுத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். படம் ஒன்றுதான், எழுத்துக்கான சட்டம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். ஃபிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம். 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தை ஜப்பானில் வெளியிடும் தமுராடோ என்ற சிறிய பதிப்பகம் ஒவ்வொரு அச்சுக்கும் அட்டைப் படத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறதாம், வாங்கியவரே திரும்ப வாங்குகிறாராம். வியாபாரம் தெரிந்தவர்கள்! ஜப்பானிய எழுத்தைச் சரிபார்ப்பது எப்படி என்று கேட்டேன்.

"படிச்சா பார்க்கிறோம்? உருவம் பார்ப்போம் சார். ஒரு கால் உடைஞ்சிருந்தா, ஒரு புள்ளி அடைச்சிருந்தா கண்ணு அங்கயே போய் நிக்கும்."

பாட்டன்கட்டின் மரத்துக்கு ஜப்பானிய வரியைச் சென்னைக்காரர் அடித்துக்கொண்டிருக்கிறார். வரைந்தவருக்கும் அந்த மொழி தெரியாது, அடிப்பவருக்கும் தெரியாது. ஆனாலும் புத்தகத்தில் பிழை இல்லை.

சட்டம் மாற்றும்போது முதல் சில தாள்கள் ஒத்திகைக்குப் போகும். அதே தாளில் வேறு வேறு புத்தகத்தின் படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, மீனின் வயிற்றில் மரம், மரத்தில் சிங்கத்தின் வால் என்று கிடக்கும். அதையும் தூக்கிப் போடுவதில்லை. நோட்டுப் புத்தகமாகக் கட்டி விற்கிறார்கள், ஃப்ளூக்புக் என்று பெயர். உண்மையைச் சொன்னால், சரியாக அடித்த பக்கங்கள் சிலவற்றைவிட இவை எனக்குப் பிடித்திருந்தன. மூத்தவரிடம் சொன்னேன். "வேஸ்ட்டை நல்லாருக்குன்னு சொன்னா எப்படி சார்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபம் நியாயம்தான்.

அச்சு விவரம் போடும் பக்கத்தில் ஆறுமுகத்தின் பெயரோடு அவருடைய குழுவினர் என்றும் சேர்த்துப் போடுகிறார்கள். சினிமாவில் லைட்மேன் வரைக்கும் பெயர் ஓடவிடுகிறோம், புத்தகத்தில் தைத்தவர் பெயர் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. இருபது முப்பது பெயர் ஒரு பக்கத்தில் தாராளமாக அடங்கும்.

அதே நேரம், இங்கே இருந்து நம் வீடுகளுக்கு எத்தனை பிரதி வருகிறது? திருவான்மியூரில் தாராவின் புத்தகக் கட்டடத்துக்குப் போனால் யாரும் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். அதற்கு அப்பால் கைவேலைப் பிரதியின் விலை நடுத்தரக் குடும்பத்தைக்கூடத் தயங்க வைக்கும். விலையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இழுப்புகளைப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வராது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பிரதியை ஐம்பது குழந்தைகள் மடியில் வைத்துப் பார்க்கும்படி செய்யக்கூடிய ஒரே இடம் பொது நூலகம். பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் நூலக ஆணையோ நெடுங்காலம் பாரக் கணக்கில் (ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கங்களின் தொகுதி ஒரு பாரம்) விலை போட்டுப் பழகியிருந்தது. இத்தனை பக்கம், இத்தனை பாரம், பாரத்துக்கு இவ்வளவு. அந்தக் கணக்கில் தடித்த நாவலுக்கு ஒரு விலை கிடைத்தது. 16 தாள் உள்ள படப் புத்தகம் சில பாரத்துக்குள் முடிந்துபோனது. படம் வரைந்தவருக்கும் அதில் இடம் இருக்கவில்லை, நிறத்துக்கு ஒரு முறை பட்டையை இழுத்தவருக்கும் இருக்கவில்லை. தமிழில் படப் புத்தகம் போடும் சிறு பதிப்பாளர்கள் ஏன் இரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஏன் ஓவியருக்கு ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறார்கள் என்பதற்கு விடை தேட வேண்டிய முதல் இடம் இந்தக் கணக்குதான். பக்கத்தை எண்ணாமல், சிறுவர் படப் புத்தகங்களுக்கு மட்டுமாவது தனி விலைமுறை ஒன்றை நூலகத் துறை வகுக்கலாம். வகுத்தால் பஜ்ஜுவின் வௌவால்கள் மதுராந்தகம் கிளை நூலகத்திலும் தொங்கும்.